அழித்த துவக்கும் எடுத்து வைத்த சோறும்

2014 ஒக்ரோபர் மாதம் 25 ஆம் திகதி, சனிக்கிழமை பிற்பகல், இலுப்பைக்கடவைத் தேவாலயப் பங்கு மண்டபத்தில் நடந்தது குறித்து அமெரிக்க நிறுவனம் ஒன்றின்மீது ஊராருக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கும் நான் பின்வரும் குற்றச்சாட்டை முன்வைக்கிறேன். யப்பானியர் வரைந்த காட்டூன் தொடர் ஒன்றை, ஆங்கிலம் பேசும் நாடுகளின் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி இறுவட்டுகளாக வெளியிட்டது அந்த நிறுவனம். அதன் கடைசி இறுவட்டில் சிறுவன் ஒருவன் தன் தகப்பனின் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, கைகூப்பி நிற்கிறான். அதே நேரத்தில் ஆங்கிலக் குரல், தகப்பன் நெடும் பயணத்தில் இருக்கிறார் என்று சொல்கிறது. படம் ஒன்றைச் சொல்லக் குரல் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று, மண்டபம் நிறைந்த பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லியே ஆக வேண்டிய நிலைக்கு அன்ரோனெற் என்ற பெண் தள்ளப்பட்டார். குற்றம் இதுவே. நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இறுவட்டு உறையின் பின்புறத்தில் உள்ளன. அவற்றைக் கடித உறையில் எழுதியிருக்கிறேன், இங்கே எழுதவில்லை.

இனி அன்ரோனெற்.

மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் இருக்கை வாங்குகளை இழுக்கும் சத்தம் கேட்டதும் அவர் வருவார். நண்டு வலையின் உப்பு விரல் வெடிப்புகளில் எரியும் என்பதால் கைகளில் தேங்காயெண்ணெய் பூசியிருப்பார். தொலைக்காட்சிப் பெட்டிக்கு இடது பக்கமாக நிற்பார். கதிரை கொடுத்தால் வேண்டாம் என்பார். "இருந்து கதைச்சா சண்டை வராது அண்ணை. எழும்பி நிண்டாத்தான் சண்டை வரும்." ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். ஆங்கிலக் குரல் தமக்கு மட்டும் கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைப்பார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "வாயை மூடுங்கோ, சின்னச் சம்மாட்டி வாறார்" என்பார். அதன் பின்பு அந்த மண்டபத்தில் வாய் திறப்பவர் அவர் ஒருவரே. ஆனால் கேட்பவை ஒரு கடற்கரைக் கிராமத்தின் அத்தனை குரல்களும்.

கதை, கடலடி மிருகங்களோடு பேசத் தெரிந்த ஒரு மீனவச் சிறுவனுடையது. யப்பானில் அவனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அமெரிக்கர் அவனுக்கு டென்னி என்று பெயர் வைத்தார்கள். அன்ரோனெற் அவனைச் சின்னச் சம்மாட்டி ஆக்கினார். தகப்பனிடம் சொந்த வள்ளம் உள்ளவனை எங்கள் கரையில் வேறு எப்படி அழைப்பது?

அவருடைய தொழில், விடியற்புறம் வள்ளங்கள் கரை சேர்ந்ததும் வலையிலிருந்து நண்டு கழற்றுவது. காலொடிந்த நண்டை வாங்குபவர் ஒதுக்கிவிடுவார். ஆகையால் அவர் நண்டோடு கதைத்துக்கொண்டே கண்ணியைத் தளர்த்துவார். "அசையாதையடா ராசா, உன்னை நான் ஒண்டும் செய்யமாட்டன்." பக்கத்தில் இருந்து கழற்றும் லூர்தம்மா விடமாட்டார். "ஒண்டும் செய்யமாட்டாவாம்! கொழும்புக்கு அவிக்க அனுப்பிற ஆள் கதைக்கிற கதையைப் பார்." இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலும் நண்டின் கால் ஒடிவதில்லை.

ஆங்கிலத்தை அவர் பள்ளியில் கற்கவில்லை. 2005 ஆம் ஆண்டு வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போய் ஐந்து ஆண்டுகள் இருந்தார். துணி அழுத்தும் அறையில்தான் அந்த வீட்டுப் பிள்ளையின் தொலைக்காட்சிப் பெட்டியும் இருந்தது. பாடசாலை விட்டு வந்ததும் அந்தப் பிள்ளை இந்தக் காட்டூனைத்தான் போடும். முதல் இறுவட்டுகளையே திரும்பத் திரும்பப் போடும். அன்ரோனெற் சட்டைக் கழுத்துகளை அழுத்தியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குப் புறப்பட்ட நாளில் அந்தப் பிள்ளை அழுதுகொண்டே இறுவட்டுப் பெட்டியை அவர் கையில் திணித்தது. அதைத் துவாயில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவந்தார். கடைசி இறுவட்டின் மெல்லிய உறை அப்போதும் பிரிக்கப்படாமல் இருந்தது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

எனவே அவருடைய ஆங்கிலம் முழுவதும் காட்டூன் வீரர்களின் ஆங்கிலம். 2011 ஆம் ஆண்டு, மீள்குடியேறியவர்களுக்கான உதவிகளைப் பார்வையிட வெளிநாட்டுப் பெண் அதிகாரி ஒருவர் வந்தார். மொழிபெயர்ப்பவர் ஏறிய வாகனம் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்தில் பழுதாகி நின்றுவிட்டது. பெண்கள் அன்ரோனெற்றை முன்னால் தள்ளினார்கள். உங்கள் ஊருக்கு என்ன தேவை என்று அதிகாரி கேட்டார். அன்ரோனெற் இடுப்பில் கையை ஊன்றி, "இந்தக் கடற்கரை மக்களைக் கைவிட்டுவிட்டு நீ தப்பிப் போகலாம் என்று நினையாதே!" என்று ஆங்கிலத்தில் முழங்கினார். அதிகாரி ஓரடி பின்வாங்கினார்; பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்; பிறகு குந்தியிருந்து பொறுமையாகக் கேட்டார். உப்புப் பாய்ந்து கிடந்த பொதுக்கிணறு இறைத்துத் துப்புரவு செய்யப்பட்டது அந்தச் சந்திப்பின் பயன். அதற்காக அந்த அம்மையாருக்கு இன்றும் நன்றியுடையோம்.

"எனக்கு வேறை இங்கிலீசு தெரியாது அண்ணை" என்று அன்ரோனெற் பிறகு விளக்கினார். "குவைத் மேடம் தேத்தண்ணி கேக்கிறது தெரியும். இவங்கள் சண்டைக்குக் கூப்பிடுறது தெரியும். ரெண்டுக்கும் நடுவிலை ஒண்டும் படிக்கேல்லை."

மண்டபத்துக் காட்சி தொடங்கியதுகூடத் திட்டமிட்டு அல்ல. பங்குக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கிடைத்தது. போடுவதற்கு எதுவும் இல்லை. அன்ரோனெற் தம் இறுவட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஆங்கிலம் விளங்காமல் பிள்ளைகள் நெளிந்தார்கள். அவர் தம் மகள் ஜெனுஷாவின் காதுக்குள் மட்டும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பிள்ளை காதை நீட்டியது. அதற்குப் பக்கத்துப் பிள்ளை ஊர்ந்து வந்தது. சற்று நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் தொலைக்காட்சிப் பெட்டியை விட்டுவிட்டு அவரைச் சுற்றி இருந்தார்கள். "இப்பிடி என்னைப் பாத்தா படத்தை ஆர் பாக்கிறது?" என்று எழுந்து பெட்டியின் பக்கத்தில் போய் நின்றார். மூன்று ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறார். கடைசி இறுவட்டு வருவதற்கு முன்பே பிள்ளைகள் "முதல்லையிருந்து போடுங்கோ அன்ரி" என்று கேட்பதால், தொடர் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

அமெரிக்க நிறுவனம் செய்த மாற்றங்கள் பல. சிறுவன் இலையில் சுற்றிய சோற்று உருண்டையைத் தின்கிறான்; ஆங்கிலம் அதைச் சான்ட்விச் என்கிறது. அன்ரோனெற் ஆங்கிலத்தைக் காதில் வாங்கிக்கொண்டு படத்தைப் பார்ப்பார். "அம்மா குழைச்சுத் தந்த சோறு" என்பார். யப்பானியர் சோறு என்றதை அமெரிக்கர் பாண் ஆக்க, அது இலுப்பைக்கடவையில் மறுபடி சோறாயிற்று. கடைப்பலகைகளில் இருந்த யப்பானிய எழுத்துகள் எல்லாம் வெள்ளையடிக்கப்பட்டிருக்கும். "கடைக்காரன் இன்னும் பேர் எழுதேல்லை, புதுசாக் குடியேறின ஆக்கள்" என்பார். பிள்ளைகளுக்கு அது நன்றாக விளங்கும்.

துவக்கையும் அழித்திருந்தார்கள்; துப்பாக்கி இருந்த கையில் இப்போது ஒன்றுமில்லை. ஒரு காட்சியில் கொள்ளைக்காரன் வெறும் விரலை நீட்டுகிறான்; எதிரில் நிற்பவர்கள் கைகளை உயர்த்தி நடுங்குகிறார்கள். மற்ற நாடுகளின் பிள்ளைகள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அறியேன். எங்கள் மண்டபத்தில் லூர்தம்மாவின் மகள் ஜெனிஸ்ரா உடனே எழுந்தாள்.

"அன்ரி, அந்தக் கையிலை துவக்கு இருந்தது. அழிச்சுப்போட்டாங்கள்."

"உனக்கு எப்பிடியடி தெரியும்?"

"விரலுக்கு ஆரும் இப்பிடிக் கையைத் தூக்குவினமோ? எங்கடை ஆக்கள் தூக்கினதை நான் பாத்தனான்."

அன்ரோனெற் அந்த வெறும் விரலைப் பார்த்தார். "அழிச்சது நல்லதுதானே பிள்ளை" என்றார். "ஆரோ ஒருத்தர் இருந்து, ஒவ்வொரு படமா அழிச்சிருக்கிறாங்கள்." பிறகு கொள்ளைக்காரனின் குரலுக்குத் திரும்பினார்.

அந்தக் கொள்ளைக்காரனின் குரல், நண்டு வாங்க வரும் வஸீர் முதலாளியின் குரல். அமெரிக்க நிறுவனம் அவனைப் பிரபு ஒருவரைப் போல மூக்கால் பேச வைத்திருந்தது. கரையில் எவருக்கும் பிரபுக்களோடு பழக்கமில்லை. வஸீர் புத்தளத்தில் இருபது ஆண்டுகள் இடம்பெயர்ந்திருந்து எருக்கலம்பிட்டிக்குத் திரும்பியவர். குரல் உரத்தது, மனம் இளகியது. செய்தி அவர் காதுக்கு எட்டி, ஒரு சனிக்கிழமை மண்டபத்தின் கடைசி வாங்கில் வந்து இருந்தார். தம் குரலில் கொள்ளைக்காரன் கட்டளையிடுவதைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

"என்ன புள்ள, நான் இவ்வளவு கெட்டவனா?"

"நீங்கள் நண்டைத் திருப்பிப் பாக்கேக்கை இதைவிடக் கெட்டவர், முதலாளி."

"சரி சரி. கடைசீலயாவது அவனத் திருத்தி உடுங்க. எண்ட மகள் றாபியாவும் பாக்க வாறா."

கொள்ளைக்காரன் திருந்தினான். ஆங்கிலத்தில் திருந்தினானா என்பதை அன்ரோனெற் என்னிடம் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எங்கள் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போன ஆண் திரும்பாத இரவில், அவருக்குரிய சோற்றைக் கோப்பையில் போட்டு மூடி வைப்பார்கள். வள்ளம் எந்த நேரம் கரை தட்டினாலும் வந்தவர் அதைத் திறந்து சாப்பிடலாம். வராவிட்டால் அது காலையில் பழஞ்சோறு. அன்ரோனெற்றின் வீட்டில் ஒரு கோப்பை நாள்தோறும் மூடி வைக்கப்படுகிறது. காலையில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் அவர் நண்டு கழற்ற வருவார். இதை அவர் யாருக்கும் விளக்குவதில்லை, யாரும் கேட்பதுமில்லை.

அவருடைய கணவர் அலெக்ஸாண்டர். அன்ரோனெற் குவைத்தில் இருந்தபோது போர் நெருங்கியது. அலெக்ஸாண்டர் ஐந்து வயது ஜெனுஷாவை, அன்ரோனெற்றின் தமக்கை செலீனாவோடு வள்ளத்தில் ஏற்றித் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்கு அனுப்பினார். வள்ளத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "இஞ்சை பார், நான் பின்னாலை வாறன்" என்றார். எதைச் சொன்னாலும் "இஞ்சை பார்" என்றுதான் தொடங்குவார். போர் முடிந்து செலீனாவும் ஜெனுஷாவும் ஊர் திரும்பினார்கள். 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களுக்குப் பிறகு அலெக்ஸாண்டரைக் கண்டதாகச் சொல்பவர் எவருமில்லை. என் தம்பியையும் அப்படியே. அது வேறு கோப்பு.

அன்ரோனெற் செய்த பிழை ஒன்று உண்டு. காட்டூன் சிறுவனின் தகப்பன் அவன் நினைவுகளில் அவ்வப்போது தோன்றிப் பேசுவார். நெடும் பயணம் போயிருக்கிறார், திரும்பி வருவார் என்று ஆங்கிலம் ஒவ்வொரு முறையும் உறுதி கூறியது. அதை நம்பி, அன்ரோனெற் அந்தத் தகப்பனுக்கு அலெக்ஸாண்டரின் குரலைக் கொடுத்துவிட்டார். "இஞ்சை பார் மகன், கடலுக்கு முதுகு காட்டக்கூடாது." முதல் முறை கேட்டபோது கதவடியில் நின்ற செலீனாவின் கையிலிருந்த தேத்தண்ணி சிந்தியது.

"அலெக்ஸ் மாதிரிக் கதைக்காதையடி."

"அக்கா, ஜெனுஷாவுக்கு அவரின்ரை குரல் மறந்து போச்சு. இப்பிடியெண்டாலும் கேக்கட்டுமே."

செலீனா குனிந்து சிந்திய தேத்தண்ணியைத் துடைத்தார். ஜெனுஷா தகப்பன் வரும் காட்சிகளில் மட்டும் வாங்கின் நுனிக்கு வருவாள்.

2014 செப்டெம்பரில் அன்ரோனெற்றுக்கு ஓர் அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. கணவருக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் பெற்றால் சில உதவிகள் கிடைக்கும். விண்ணப்பத்தில் நவம்பர் முடிவதற்குள் ஒப்பமிட வேண்டும். நானும் துணைக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் கொன்ஸ்ரன்ரைன் வெள்ளாங்குளத்தில் மீள்குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. எழுந்து நின்று கதிரை கொடுத்தார், தேநீர் வருவித்தார்.

"அக்கா, இது வெறும் பேப்பர். ஒப்பம் வைச்சியள் எண்டா ஜெனுஷாவின்ரை படிப்புக்கு உதவும்."

"வெறும் பேப்பர் எண்டா நீங்களே வைச்சிருங்கோவன் தம்பி. ஏன் என்னட்டை ஒப்பம் கேக்கிறியள்?"

"ஐஞ்சு வருசமாச்சுதக்கா."

"ஓம். அவர் செத்தவர் எண்டு உங்கடை ஆக்களுக்குத் தெரியுமெண்டா, எங்கை, எப்ப எண்டு எழுதித் தாங்கோ. அதுக்குக் கீழை நான் ஒப்பம் வைக்கிறன்."

கொன்ஸ்ரன்ரைன் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினார். வெளியே மழை. எங்களைப் பேருந்து நிற்கும் இடம்வரை தம் குடையில் கொண்டுபோய் விட்டார். அவர்மீது எனக்குக் குறையில்லை. அவர் குடையை நான் மறக்கவுமில்லை. அன்ரோனெற் விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. மகளின் படிப்பு என்ற சொல் அவரைத் தைத்திருந்தது. அலுமாரிக்குள் இறுவட்டுப் பெட்டியின் கீழ் வைத்தார்.

ஒக்ரோபர் 25 அன்று றாபியா வந்திருந்தாள். கதை எப்படி முடிகிறது என்று அறிய வேண்டுமென்று அவள் அடம்பிடித்தாள். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். அன்ரோனெற் கடைசி இறுவட்டின் உறையைப் பல்லால் கிழித்தார். அதை அவரும் அன்றுதான் பார்க்கிறார்.

சிறுவன் எல்லாச் சண்டைகளையும் வென்று வீடு திரும்புகிறான். கதவைத் தள்ளுகிறான். உள்ளே தகப்பனின் படம். கறுப்புச் சட்டம் போட்ட படம். முன்னால் பூ. சிறுவன் விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்துகிறான். துவக்கை அழித்தவர்கள் இதை அழிக்கவில்லை. மறந்தார்களோ, விளக்கு என்றால் என்னவென்று அறியாமல் விட்டார்களோ. மங்கலான ஆங்கிலத்தில் பயணம் என்ற சொல் எனக்கும் கேட்டது. அன்ரோனெற்றின் வாய் திறந்தபடி நின்றது. மூன்று ஆண்டுகளில் முதல் முறையாக அந்த மண்டபத்தில் படம் மட்டும் ஓடியது.

ஜெனிஸ்ராதான் முதலில் வாய் திறந்தாள். "செத்துப்போட்டார்."

"இல்லை" என்றாள் ஜெனுஷா. "அவர் பயணத்திலை."

"பயணம் போனவைக்கு ஆரும் விளக்கு வைப்பினமோ? எங்கடை அப்பாவின்ரை படத்துக்கும் இப்பிடித்தான் வைச்சிருக்கு." ஜெனிஸ்ராவின் தகப்பன் யோசேப்பு எறிகணை வீழ்ந்து இறந்தவர்; சேமக்காலையில் அவருக்குக் கல்லறை இருக்கிறது. அவள் தெரிந்ததைத்தான் சொன்னாள்.

"உனக்கென்னடி தெரியும்? அவர் வாறனெண்டு சொன்னவர்!"

ஜெனுஷா எந்தத் தகப்பனைச் சொன்னாள் என்று மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் அன்ரோனெற்றின் பக்கம் திரும்பினார்கள். "அன்ரி, சொல்லுங்கோவன்."

ஆங்கிலத்தைச் சொன்னால் பொய் என்று அத்தனை பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். படத்தைச் சொன்னால், தம் வாயாலேயே அலெக்ஸாண்டரின் குரலைக் கொன்றவர் ஆவார். அலுமாரிக்குள் இருந்த விண்ணப்பத்தில் மகளின் முன்னால் ஒப்பமிட்டதற்கு அது சமம். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது சிறுவன் மடியிலிருந்து இலைப்பொதியை எடுத்தான். ஒரு சோற்று உருண்டையைச் சிறு தட்டில் வைத்துப் படத்தின் முன்னால் நகர்த்தினான்.

அன்ரோனெற் சிறுவனின் குரலில் சொன்னார்: "அப்பா, நான் சாப்பிட்டிட்டன். உங்களுக்கு எடுத்து வைச்சிருக்கிறன்."

ஜெனிஸ்ரா தலையை ஆட்டினாள். "ஓம், அம்மாவும் அப்பா செத்த நாளிலை படத்துக்கு முன்னாலை வைக்கிறவ" என்றாள். ஜெனுஷாவும் தலையை ஆட்டினாள். "எங்கடை வீட்டிலை ஒவ்வொரு நாளும் வைக்கிறது." இருவரும் ஒரே வாங்கில் நெருங்கி இருந்தார்கள். கதவடியில் செலீனா சால்வையால் மூக்கைத் துடைத்தார். கடைசி வாங்கில் வஸீர் முதலாளி, "சரி, இனி எல்லாரும் ஊட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க" என்று தேவையில்லாமல் உரத்துச் சொன்னார்.

நவம்பர் 2 ஆம் திகதி மரித்தோர் நினைவு நாள். அன்று மாலை ஊர் முழுவதும் சேமக்காலையில் கூடி மெழுகுதிரி ஏற்றும். வாடைக்காற்றில் சுடர் நிற்காது. ஆகையால் அன்ரோனெற் சோடாப் போத்தல்களின் அடியை வெட்டி, காற்று மறைப்பாகச் செய்து கொண்டுவந்து, வாசலில் நின்று எல்லோருக்கும் கொடுப்பார். உள்ளே அவர் போவதில்லை. காணாமல் போனவர்களின் மனைவியர் பலர் அந்த வாசலைத் தாண்டுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜெனுஷா, "நாங்கள் உள்ளுக்குப் போறேல்லையோ அம்மா?" என்று கேட்பாள். இந்த ஆண்டு கேட்கவில்லை. தாயின் பக்கத்தில் குந்தியிருந்து கத்தரிக்கோலால் போத்தல் வெட்டினாள். ஜெனிஸ்ரா வந்தபோது நல்ல வடிவாக வெட்டிய ஒன்றைத் தெரிந்தெடுத்து, "இது உன்ரை அப்பாவுக்கு" என்று கொடுத்தாள்.

மறுநாள் நான் நிறுவனத்துக்கு எழுதவேண்டிய கடிதத்தைத் தயாரித்தேன். குற்றச்சாட்டை முதலில் வைத்தேன். அன்ரோனெற் வலையடியிலிருந்து நேரே வந்து, நின்றபடி வாசிக்கக் கேட்டார்.

"அண்ணை, முதல்லை நன்றியை எழுதுங்கோ. சண்டை பிறகு."

"பொய் சொன்னவர்களுக்கு என்ன நன்றி?"

"அவங்கள் வேணுமெண்டு பொய் சொல்லேல்லை. பிள்ளையள் அழுமெண்டு பயந்திருக்கிறாங்கள்." வாசற்படியில் இருந்த மணலைக் காலால் தள்ளினார். "எங்கடை பிள்ளையள் அழுமெண்டு இஞ்சை ஆர் அண்ணை பயந்தது?"

தாளைத் திருப்பி, நன்றியை முதலில் எழுதினேன். அதை எழுதுகையில் அது என்னுடையதாகவும் ஆயிற்று. துணி அழுத்திய பெண்ணுக்கு ஓர் அந்நிய மொழியைக் கற்பித்ததற்கு நன்றி. அந்த மொழியால் எங்கள் கிணறு இனித்ததற்கு நன்றி. சனிக்கிழமைகளில், வெடிச்சத்தம் போன்ற எதைக் கேட்டாலும் வாங்கின் கீழ் ஒளிந்த பிள்ளைகளை அதே வாங்கின் மேல் ஏறிக் கூச்சலிட வைத்ததற்கு நன்றி. பெயர் அறியாத ஒரு பணியாளர், ஒவ்வொரு படமாகக் குந்தியிருந்து, ஒரு கையிலிருந்து ஒரு துவக்கை அழித்ததற்கு நன்றி. எங்கள் வாழ்நாளில் எவரும் எமக்காக அப்படி ஒரு துவக்கை அழித்ததில்லை. ஒரு மனைவி தன் கணவரின் குரலை வைத்திருக்க ஓர் இடம் கொடுத்ததற்கும் நன்றி. குற்றச்சாட்டு இவற்றுக்குக் கீழே, குறையாமல் நிற்கிறது.

அதே நாளில் கந்தோருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். கொன்ஸ்ரன்ரைனின் மரியாதைக்கு நன்றி கூறி அதைத் தொடங்கினேன். இரண்டிலும் கடைசி வாக்கியம் ஒன்றே: மேற்குறித்த தகப்பன் இறந்தாரா, உயிரோடு இருக்கிறாரா என்பதை எழுத்து மூலம் அறியத்தரவும்.

அன்ரோனெற் அந்த வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்தார். எண்ணெய் படாதபடி நகத்தின் நுனியை மட்டும் "இறந்தாரா" என்ற சொல்லின்மேல் வைத்தார். கண்ணியிலிருந்து நண்டைக் கழற்றும் அதே பதத்தில், மெல்ல, மற்றச் சொற்களைத் தாண்டி அதை இழுத்துப்போய்ப் பின்னால் விட்டார். மற்றக் கடிதத்தை எடுத்து அதிலும் அப்படியே செய்தார்.

இரண்டையும் புதிய தாளில் திருத்தி எழுதினேன். இரண்டும் இவ்வாறு முடிகின்றன:

மேற்குறித்த தகப்பன் உயிரோடு இருக்கிறாரா, இறந்தாரா என்பதை எழுத்து மூலம் அறியத்தரவும்.